வயிறு காலியான ரப்பர் மீனுக்கு முள் கோர்ப்பது

கடையில் உறையைப் பிரித்ததும் அந்த ரப்பர் மீனைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறை அழுத்திப் பாருங்கள். வயிறு ஒட்டி, இரண்டு பக்கச் சுவரும் ஒன்றையொன்று தொட வேண்டும். விரலை எடுத்ததும் பழையபடி உப்ப வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா முறைகளும் அந்த ஒரு அழுத்தலைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

பாஸ் மீன் இரையைப் பல்லால் கவ்விப் பிடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயையும் செவுள் மூடியையும் கண் இமைக்கும் நேரத்தில் அகல விரித்து, எதிரே உள்ள தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே இழுத்து, வாயை மூடிவிடுகிறது. அப்படி மூடும்போது ரப்பர் மீன் நசுங்கினால் உள்ளே படுத்திருக்கும் முள் முனை வெளியே வந்து தாடையில் ஏறும். சதை கெட்டியாக நின்றால் முனை சதையிலேயே புதைந்து நிற்கும். நம் ஊர் ஏரிகளில் விராலுக்கு ரப்பர் தவளை வீசியவர்களுக்கு இது புரிந்த விஷயம்தான். அந்தத் தவளைக்குள் வெறும் காற்று இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இன்னொரு லாபமும் உண்டு. உள்ளே காலியான மீன் லேசானது என்பதால் உறிஞ்சும் தண்ணீரோடு சுலபமாக வாய்க்குள் போய்விடும். அரைகுறையாக இழுத்துப் பார்க்கும் மீன்கூட ஆழமாக வாங்கிவிடுகிறது.

இனி இதைக் கூடு மீன் என்றும், உள்ளே சதை நிறைந்ததைக் கெட்டி மீன் என்றும் சொல்கிறேன். பாஸ்டிரிக்ஸ், பெர்க்லியின் ஹாலோ பெல்லி, ஸ்ட்ரைக் கிங்கின் ஷேடலிஷியஸ் எல்லாம் கூடு வகை. கைடெக், ஸ்கின்னி டிப்பர் போன்றவை கெட்டி வகை. ரப்பர் என்று நாம் வாய்ப்பழக்கமாகச் சொன்னாலும் இரண்டுமே பெரும்பாலும் மென்மையாக்கிய பி.வி.சி. பிளாஸ்டிக்தான். பசை ஒட்டுவதும், சூட்டில் உருகி இணைவதும், வெயிலில் கோணிப் போவதும் அந்தக் குணத்தால்தான். அதனால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடு மீனுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. கெட்டி மீனில் முள்ளைச் செருகினால் சதையே அதைப் பிடித்துக்கொள்ளும். கூடு மீனில் பிடிக்கச் சதை கிடையாது. மூக்கில் இருக்கும் சிறு கட்டிதான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அது நழுவினால் மீன் முழுதும் முள்ளின் மேல் பின்னுக்குச் சரிந்து, நடுவில் மடிந்து, வால் ஆடாமல் ஒரு கந்தல் துணியைப் போல வரும்.

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ–சான் ஜோக்வின் டெல்டாவில் ஒரு ஏப்ரல் காலையில் எனக்கு அப்படித்தான் ஆனது. கடலின் ஏற்ற இறக்கம் உள்நாடுவரை வந்து போகும் நன்னீர்ப் பகுதி அது. வற்றத் தொடங்கிய நேரம். கோரைப் புதர் ஓரமாக வீசி இழுத்ததில் இரண்டு முறை பின்னால் தண்ணீர் வீங்கி எழுந்தது. இரண்டு முறையும் மீன் அருகில் வந்து திரும்பிப் போய்விட்டது. மூன்றாவது முறை எடுத்துப் பார்த்தேன். மூக்கு அரை அங்குலம் பின்வாங்கி, முதுகு கூனி நின்றது. வீட்டில் ஒரு துளி பசை வைக்கச் சோம்பல்பட்டதற்கான விலை அது. மூக்கு இறுக வேண்டும், வயிறு காலியாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேராத எந்த முறையையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

முதலில் முள்

ஐந்து அங்குல மீன்தான் எல்லோரும் அதிகம் பயன்படுத்துவது. அதற்கு 6/0 அளவு அகல வளைவு முள் சரியாக இருக்கும். நான்கு அங்குலத்துக்கு 4/0 அல்லது 5/0, ஆறு அங்குலத்துக்கு 7/0. அளவை எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல் மீனின் பக்கத்தில் முள்ளை வைத்துப் பாருங்கள். முள்ளின் கண் மூக்கு நுனியில் இருக்கும்போது வளைவு உடலின் பாதி நீளத்தை ஒட்டி விழ வேண்டும். வாலை நெருங்கினால் வாலின் அடிப்பகுதி விறைத்துக்கொள்ளும், ஆட்டம் செத்துவிடும். தலையை நெருங்கினால் பின்னாலிருந்து கடிக்கும் மீன் தப்பும்.

பாசியிலும் கோரையிலும் போடுவதற்கு

நான் பத்துக்கு ஏழு முறை பயன்படுத்துவது இந்த முறைதான். தண்டில் ஈயம் வார்த்த அகல வளைவு முள், அதன் கண்ணில் தொங்கும் ஒரு சுருள் கம்பி. ஓனர் நிறுவனத்தின் பீஸ்ட் முள் இந்த வகையில் பெயர் பெற்றது. சுருளின் நடுவில் நேராக ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். சுருள் மூக்கின் நட்டநடுவில் ஏற அது வழிகாட்டுகிறது.

முதலில் மூக்கைத் துடையுங்கள். புது மீனின் மேல் எண்ணெய்ப் பசை இருக்கும், அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது. ஆல்கஹால் தொட்ட காகிதத்தால் மூக்கை மட்டும் துடைத்தால் போதும். பிறகு ஊசியை மூக்கின் மையத்தில் குத்தி, முள்ளை அசையாமல் பிடித்துக்கொண்டு மீனைத் திருகுங்கள். முள்ளைத் திருகினால் சுருள் சாய்ந்து ஏறும். மூன்று நான்கு சுற்றில் மூக்கு முள்ளின் கண்ணைத் தொட்டு நிற்கும். கடைசிச் சுற்றுக்கு முன் நிறுத்தி, சுருளின் வெளியே தெரியும் பகுதியில் ஒரே ஒரு துளி சூப்பர் குளூ விட்டு, பிறகு அந்தச் சுற்றை முடியுங்கள். ஐந்து நிமிடம் தொடாதீர்கள்.

பசை கையில் இல்லையென்றால் சூடு உதவும். சுருளை லைட்டர் சுடரில் சில நொடிகள் காட்டிவிட்டு மூக்கில் திருகினால் பிளாஸ்டிக் உருகி, ஆறும்போது சுருளைச் சுற்றி இறுகிக்கொள்ளும். கம்பி செக்கச் சிவக்கக் கூடாது, சிவந்தால் மூக்கே ஓட்டையாகிவிடும். தண்டில் உள்ள ஈயத்தின் பக்கம் சுடர் போகவே கூடாது. பி.வி.சி. புகை மூச்சுக்கு நல்லதல்ல, வெட்ட வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

இப்போது மீனைத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு வயிற்றில் எங்கே படுகிறது என்று பாருங்கள். வயிற்றில் கீறல் இட்டு வந்த மீனென்றால் வளைவு அந்தக் கீறலுக்குள் போகும். கீறல் சிறியதாக இருந்து தண்டின் ஈயம் உள்ளே போக மறுத்தால் பிளேடால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நீட்டுங்கள். நீட்டிய கீறலின் முனையில் ஒரு சூடான ஊசியால் சிறு வட்டத் துளை இட்டுவிடுவது என் பழக்கம். கூர்மையாக முடியும் கீறல் ஒவ்வொரு மீனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்துகொண்டே போகும். வட்டத்தில் முடிவது அங்கேயே நிற்கும்.

அடுத்ததுதான் எல்லோரும் தவறும் இடம். முனையை முதுகில் எங்கே வெளியே எடுப்பது? மீனின் முதுகில் தலை முதல் வால் வரை ஒரு மெல்லிய கோடு ஓடுவதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். இரண்டு பாதி அச்சுகளும் சேர்ந்த தையல் அது. முனை அந்தக் கோட்டின் மேலேயே வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இடமோ வலமோ போனாலும் வேகமாக இழுக்கும்போது மீன் சாய்ந்து ஓடும். முள் வெளியே வந்ததும் மீனைப் பக்கவாட்டில் பாருங்கள். மூக்குக்கும் முள்ளுக்கும் இடையில் உடல் வீங்கி நின்றால் முனை வாலுக்கு மிக அருகில் வந்துவிட்டது என்று அர்த்தம். இழுத்துப் பிடித்தது போல் விறைத்திருந்தால் தலைக்கு மிக அருகில் வந்துவிட்டது. வெளியே எடுத்து மறுபடி குத்துங்கள். ஒரு துளை கூடுவதால் நட்டமில்லை, கோணலாக விடுவதால்தான் நட்டம்.

கடைசியாக, முதுகை லேசாக அழுத்திக்கொண்டு முனையின் நுனியை மட்டும் தோலுக்குள் செருகுங்கள். நகத்தால் தட்டினால் வெளியே வர வேண்டும். அவ்வளவு போதும், பாசி சிக்காது.

ஈயத்தின் எடை ஆழத்தைப் பொறுத்தது. இடுப்பளவு தண்ணீரில் பாசியின் தலைக்கு மேலே மெதுவாக ஓட்ட 1/8 அவுன்ஸ், அதாவது சுமார் மூன்றரை கிராம். ஆள் மூழ்கும் ஆழத்தில் 1/4 அவுன்ஸ், ஏழு கிராம். அதற்கு மேல் எடை வேண்டுமென்றால் இந்த முறையை விட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். பெரிய ஈயக் கட்டி வயிற்றை நிரப்பிவிட்டால் அப்புறம் அதைக் கூடு மீன் என்று சொல்வதில் பொருளில்லை.

திறந்த தண்ணீருக்கு ஜிக்ஹெட்

பாசி இல்லாத கல் சரிவு, பாலத் தூண், படகுத்துறையின் நிழல் போன்ற இடங்களில் முனையை மறைத்து வைக்க அவசியமில்லை. ஈயத் தலை மூக்குக்குள் ஒளிந்திருக்க, முள் முதுகில் திறந்து நிற்கட்டும். இதற்கு உருண்டைத் தலையை விட, மீனின் மூக்கு வடிவத்திலேயே கூம்பாக வார்த்த தலை நன்றாகப் பொருந்தும். சுமார் இரண்டு மீட்டருக்கு 1/4 அவுன்ஸ், நாலைந்து மீட்டருக்கு 1/2 அவுன்ஸ் வைத்துத் தொடங்குங்கள்.

வயிற்றில் கீறல் உள்ள மீனென்றால் ஈயத்தைத் தண்ணீரில் நனைத்து, கீறல் வழியாக உள்ளே விட்டு மூக்கு வரை தள்ளுங்கள். முள்ளின் கண் தலையின் மேற்புறத்தைக் குத்திக்கொண்டு வெளியே வர வேண்டும். பிறகு முனையை உள்ளிருந்தே மேலே தூக்கி, தையல் கோட்டில் வெளியே எடுங்கள். கீறல் இல்லாத மீனுக்கு மூக்கு நுனியில் சிறு வெட்டு இட்டு, முனையை முதலில் விட்டு, ஈயம் கடைசியாக உள்ளே போகும்படி செய்யலாம். எப்படிச் செய்தாலும் முடிவில் மூக்குக்கும் ஈயத்துக்கும் நடுவே பசை வைத்தே ஆக வேண்டும். கெட்டி மீனில் ஈயத்தின் கழுத்தில் உள்ள முட்கள் சதையைப் பிடிக்கும். இங்கே அவை காற்றைத்தான் பிடிக்கும்.

மும்முள்

ஆழமான, தெளிந்த, தடையற்ற தண்ணீரில் பின்னாலேயே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பும் மீன்களுக்கு மட்டும் இது. தூண்டில் நரம்பை மூக்கு வழியாக விட்டு வயிற்றில் எடுத்து, அங்கே ஒரு மும்முள்ளைக் கட்டி, அதன் ஒரு முனையை வயிற்றுத் தோலில் லேசாகக் குத்தி வைக்க வேண்டும். மீன் மாட்டியதும் ரப்பர் நரம்பின் மேல் ஏறிவிடும். மீன் தலையை உதறும்போது ரப்பரின் எடை நெம்புகோலாக நின்று முள்ளைப் பிடுங்காது. ஆனால் கோரை உள்ள இடத்தில் இதைப் போடாதீர்கள், நாள் முழுக்கப் புல் அறுத்துக்கொண்டிருப்பீர்கள்.

குடைக் கம்பி

2011 அக்டோபரில் அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் நடந்த போட்டியில் பால் எலியாஸ் ஒரு விநோதமான கருவியால் வென்றார். குடைக் கம்பிகள் போல விரியும் ஐந்து கம்பிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு ரப்பர் மீன். பார்க்கச் சிறு மீன் கூட்டம் ஒன்று நீந்துவதைப் போலவே இருக்கும். ஆண்டி பாஸ் உருவாக்கிய அந்த அலபாமா ரிக் அதன் பிறகு நாடு முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டே பாஸ்மாஸ்டர் எலைட் போட்டித் தொடரில் அதற்குத் தடை வந்தது.

இந்தக் குடைக்குக் கூடு மீன் மிகப் பொருத்தம். ஐந்து கெட்டி மீன்களை வீசி ஒரு நாள் கழித்தால் தோள் பட்டை சொல்லும் ஏன் என்று. ஒவ்வொன்றுக்கும் 1/8 அவுன்ஸ் ஜிக்ஹெட் போதும். நடுவில் உள்ள மீன் மட்டும் அரை அங்குலம் பெரியதாக, நிறத்தில் கொஞ்சம் மாறுபட்டிருக்கட்டும். கூட்டத்தில் தனித்துத் தெரியும் இரையைத்தான் பாஸ் அதிகம் குறிவைக்கிறது என்பது என் அனுபவம். ஒரு நரம்பில் எத்தனை முள் இருக்கலாம் என்ற சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. முள் குறைவாக இருக்க வேண்டிய இடத்தில் மற்றக் கம்பிகளில் வெறும் சுருளை மட்டும் மாட்டி, முள்ளில்லாத மீன்களைத் திருகி விடுங்கள். உரிமச் சீட்டு வாங்கும்போதே அந்த மாநில விதிப் புத்தகத்தையும் படித்துவிடுங்கள்.

வயிற்றில் எதையாவது போடலாமா?

கூடு என்றதும் எதையாவது அடைக்கத் தோன்றும். அளவோடு செய்தால் தவறில்லை. காதடைக்கும் பஞ்சுத் துண்டு ஒன்றைப் பாதியாக வெட்டி முதுகுப் பக்கமாக உள்ளே வைத்தால் மீன் மேலேயே மிதந்து, இழுக்கும்போது தண்ணீரில் கோடு கிழித்துக்கொண்டு வரும். விடியற்காலையில், காற்றில்லாத தண்ணீரில் இது அருமையாக வேலை செய்யும். வாசனைத் திரவத்தை வெளியே தடவினால் பத்து வீச்சில் போய்விடும். சிறு பஞ்சில் நனைத்து உள்ளே வைத்தால் நெடுநேரம் கசியும். கலங்கல் தண்ணீரில் கண்ணாடிக் கிலுகிலுப்பை ஒன்று போடலாம். எதைப் போட்டாலும் கடைசியில் அந்தப் பழைய சோதனையைச் செய்யுங்கள். இரண்டு விரலால் அழுத்துங்கள். முள் முனை தடையில்லாமல் வெளியே வரவில்லையென்றால் போட்டதை எடுத்துவிடுங்கள்.

வீசுவதற்கு முன்

கோர்த்து முடித்த மீனை நேரே தூரத்தில் வீசாதீர்கள். படகின் ஓரத்தில் தண்ணீருக்குள் முக்கி வயிற்றை அழுத்துங்கள். முத்து முத்தாகக் குமிழிகள் வரும். அவை நிற்கும்வரை அழுத்துங்கள். காற்று உள்ளே இருந்தால் முதல் சில மீட்டர் மீன் மல்லாந்தோ பக்கவாட்டிலோதான் வரும். கரையோரத்தில் விழுந்தவுடனே கடிக்கும் மீனை அதில்தான் இழக்கிறோம். முக்கி எடுத்ததும் உள்ளே தண்ணீர் நிற்கும், வீசும்போது கொஞ்சம் எடை கூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிறகு ராடின் நுனியை நீருக்கு அருகே பிடித்து, கண்ணுக்குத் தெரியும் ஆழத்தில் இரண்டு மீட்டர் இழுத்துப் பாருங்கள். வால் இடமும் வலமும் ஒரே அளவில் அடிக்க வேண்டும். வாலின் ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக உடல் சற்றே புரள்வது நல்லது, விலாவில் வெளிச்சம் பட்டு மின்னும். ஒரே பக்கம் சாய்ந்து ஓடினால் முனை தையலில் இல்லை. முழுச் சுற்றாகச் சுழன்றால் மூக்குச் சுருள் கோணல், அல்லது உங்கள் வேகத்துக்கு அடி எடை போதவில்லை. வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லையென்றால் கழற்றி மறுபடி கோர்த்துவிடுங்கள். இந்த ஒரு நிமிடத்தைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

நரம்பும் ராடும் வெட்டும்

திறந்த தண்ணீருக்கு 15 முதல் 20 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு. பாசிக்குள் 50 அல்லது 65 பவுண்டு பிரெய்டு. ராடு ஏழிலிருந்து ஏழரை அடி, நடுத்தரத்துக்கு மேல் பலம், ஆனால் நுனி கொஞ்சம் வளைய வேண்டும். முழுக்க விறைத்த ராடு, மீன் வாயை மூடுவதற்குள் ரப்பரைப் பிடுங்கிவிடும். முடிச்சு பாலோமார். வேறு ஏதாவது கை பழகியிருந்தால் அதுவும் சரிதான்.

கடித்தது கையில் தெரிந்ததும் வெட்டி இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. வாலைத் தட்டிப் பார்க்கும் மீனும் ‘டக்’கென்று ஒரு அடி கொடுக்கும். அதற்கு அசையாமல் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருங்கள். ராடு தானாக வளைந்து, மீனின் கனம் முழுதும் கைக்கு வந்த பிறகு பக்கவாட்டில் நீளமாக ஒரே இழுப்பாக இழுங்கள். ஜிக்ஹெட்டுக்கு இந்த இழுப்பு மிதமாக இருந்தால் போதும். பாசி முள்ளுக்குக் கொஞ்சம் பலம் வேண்டும், ஏனென்றால் தடித்த முள் தாடையில் ஏற வேண்டும்.

பாதுகாத்தலும் ஒட்டுப்போடுதலும்

கூடு மீன் சீக்கிரம் கிழியும். நல்ல நாளில் ஏழெட்டு மீனோடு ஒன்று முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீறலின் ஓரம், முனை வெளிவரும் துளை, மூக்கு ஆகிய இந்த மூன்று இடங்கள்தான் கிழியும். முதல் இரண்டையும் காயவைத்து, துடைத்து, பசை வைத்து இரண்டு நிமிடம் பிடித்தால் மறுபடி உழைக்கும். மூக்கு கிழிந்தது போனதுதான். அதை அழுத்தமான வேலைக்கு வைக்காமல், குடையின் முள்ளில்லாக் கம்பிக்கு ஒதுக்குங்கள்.

வாங்கிய அச்சுத் தட்டிலேயே வைத்திருங்கள். பையில் குவித்துப் போட்டால் வால் மடங்கி அப்படியே நின்றுவிடும், மடங்கிய வால் நீந்தாது. மடங்கிப்போனதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். கொதித்து இறக்கிய தண்ணீரில் வாலைப் பிடித்து இருபது முப்பது நொடி முக்குங்கள். வால் தானாக நிமிர்வதைக் கண்ணால் பார்க்கலாம். உடனே குளிர்ந்த தண்ணீரில் விட்டு, தட்டையாகக் கிடத்துங்கள். இஸட்-மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் பொருளில் செய்தவற்றை மட்டும் தனிப்பெட்டியில் வையுங்கள். அது மற்றப் பிளாஸ்டிக்கோடு சேர்ந்தால் இரண்டும் உருகிக் கூழாகிவிடும்.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் போன்ற மாநிலங்களில் சிறு ஈயக் கட்டிகளுக்குத் தடை இருக்கிறது. லூன் என்ற முக்குளிக்கும் பறவை அவற்றை விழுங்கி நஞ்சேறி இறப்பதால் வந்த சட்டம் அது. அங்கே போகிறவர்கள் டங்ஸ்டன் வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் அதே எடைக்கு அளவு சிறியது, கூட்டுக்குள் இடமும் மிச்சம்.

கிழிந்த ரப்பரைத் தண்ணீரில் வீசாதீர்கள். மீன்கள் அதை விழுங்குகின்றன, வயிற்றில் அது செரிக்காது. படகில் ஒரு சிறு பை வைத்து, தலையறுந்ததையும் வாலறுந்ததையும் அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். கரையில் வேறொருவர் விட்டுப்போனது கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.